எங்கள் வீட்டுக்கு வந்த பாரம்பரியம்

எங்கள் வீட்டில் பாரம்பரியம் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண். சுற்றுலாக் கம்பெனி ஒன்று அவளை அனுப்பியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ், பிளாஸ்டிக் நாற்காலிகள், உரக்கடைக் காலண்டர், மின்வாரியத்திலிருந்து அண்ணன் ஓய்வு பெற்ற அன்று எடுத்த குரூப் போட்டோ, மொசைக் தரை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் டாக்டரின் முகம் அவளுக்கு வந்திருந்தது. பிறகு அண்ணனிடம் திரும்பி, "லொகேஷன் சூப்பர் சார். வீட்டைத்தான் கொஞ்சம் பழசாக்கணும்" என்றாள்.

அண்ணன் உடனே தலையாட்டினான். அவனுடைய அவசரத்துக்குக் காரணம் உண்டு. வேலையில் இருந்தவரை, கரண்ட் போனால் பாதி ஊர் எங்கள் வாசலில் நிற்கும். ஓய்வு பெற்ற பிறகும் கரண்ட் போனது. வாசலில் யாரும் நிற்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது வாடகை இல்லை, ஆள் நடமாட்டம். அவன் மனைவியான மதினிக்கு அதில் இஷ்டமில்லை. நான் புருஷன் போன பிறகு பின்கட்டில் என் பங்கில் குடியிருப்பவள். ரொம்ப வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வேடிக்கை பார்க்கலாம் என்று சரி சொன்னேன்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, ஆற்றை ஒட்டி, வாழைத் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. தெருக்கோடியில் ஒரு பழைய கல் கோயில். அங்கே ஒரு சினிமாப் பாட்டுக்குப் படப்பிடிப்பு நடந்தது. அதன் பிறகு, நடிகை சாய்ந்து நின்ற தூணில் தானும் சாய்ந்து நின்று போட்டோ எடுக்க வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். தெருமுனை டீக்கடை 'ஹெரிட்டேஜ் கஃபே' ஆனது. அதே டீதான், அவர்களுக்கு மண் குவளையில், எங்களுக்குக் கண்ணாடித் தம்ளரில். கோயில் வாசலில் ராஜஸ்தான் பொம்மையும் புத்தர் தலையும் விற்றார்கள். எங்கள் கோயில் பெயர் பொறித்த சாவிக்கொத்தும் கிடைத்தது. அதில் இருந்த கோபுரம் மட்டும் மதுரைக் கோபுரம்.

வந்தவர்கள் தங்குவதற்கு ஒரு 'பூர்வீக வீடு' வேண்டும் என்று கம்பெனி தேடியபோதுதான் எங்கள் வீடு அகப்பட்டது. அந்தப் பெண்ணிடம் நான் உண்மையைச் சொன்னேன். இது அப்பா தன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், பாளையங்கோட்டையிலிருந்து இன்ஜினியரை வரவழைத்துக் கட்டிய வீடு. இங்கே இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத்தான் கட்டினார். அதன் தேக்குத் தூண்களைச் செங்கல் சூளைக்கு விறகாகக் கொடுத்ததை, நவீனத்துக்குத் தான் செய்த தொண்டாகக் கடைசிவரை பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் மேம்" என்றாள்.

பார்த்துக்கொண்டார்கள். காரைக்குடியிலிருந்து தேக்குத் தூண்கள் லாரியில் வந்தன. எங்கள் கான்கிரீட் கூரையை அவை தாங்க வேண்டிய அவசியம் இல்லாததால் சும்மா நின்றன. மொசைக் தரையின் மேல் சிவப்புச் சாயம் பூசினார்கள். எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் இல்லாத ஊஞ்சல் ஒன்றைக் கூடத்தில் தொங்கவிட்டார்கள். ஃப்ரிட்ஜ் கொல்லைப்புறத்துக் கொட்டகைக்குப் போய், ஓலைத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. குரூப் போட்டோ இருந்த இடத்தில் தலைப்பாகையும் கடுக்கனுமாக ஒரு பெரியவர் படம் வந்தது. பழைய சாமான் கடையில் வாங்கியது. யாரென்று அவர்களுக்கும் தெரியாது.

விருந்தாளிகள் கேட்டால் தன் முப்பாட்டனார் என்று சொல்லும்படி அண்ணனுக்கு உத்தரவு. முதல் வாரம் அவ்வளவோடு நிறுத்தினான். அடுத்த வாரம் முப்பாட்டனார் பாபநாசம் மலையில் புலியை விரட்டினார். அதற்கடுத்த மாதம் வெள்ளைக்கார கலெக்டர் அவரிடம் யோசனை கேட்க வில்வண்டியில் வந்தார். மதினி அந்தப் படத்துக்கு நேரே நிற்கவே கூச்சப்பட்டாள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அவள் சாமி படங்களுக்கு வைத்த விபூதியில் மிச்சத்தை அவருக்கும் பூசியதைப் பார்த்தேன். என்ன மதினி என்றேன். யார் வீட்டுப் பெரியவரோ, பெற்ற பிள்ளைகள் விற்றுத் தின்றுவிட்டார்கள், நம் வீட்டுக்கு வந்த பிறகும் சும்மாவா விடமுடியும் என்றாள்.

எங்களுக்குப் பயிற்சியும் நடந்தது. ஆட்கள் உள்ளே வந்ததும் அண்ணன் ஊஞ்சலிலிருந்து பைய எழுந்து, இரண்டு கையும் குவித்து, "இது உங்க வீடு" என்று சொல்ல வேண்டும். வேகமாக எழுந்தால் கம்பீரம் போய்விடுகிறது என்று திரும்பத் திரும்ப எழுப்பி உட்கார வைத்தார்கள். அவனுக்கு முழங்கால் வலி வேறு. அதனால் மூன்றாம் நாளே கம்பீரம் தானாக வந்துவிட்டது. மதினிக்கும் எனக்கும் பொன் கரை போட்ட சந்தன நிறச் சேலை கொடுத்தார்கள். இது மலையாளத்துக்காரர்கள் கட்டும் சேலை என்று மதினி சொன்னாள். வருகிறவர்களுக்கு அது தெரியாது, போட்டோவில் நன்றாக விழும் என்று பதில் வந்தது.

சொதி எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மறுநாள் விருந்துக்கு வைக்கும் குழம்பு. தேங்காய்ப் பாலில் அதை வைக்க மதினிக்கு நிகர் யாரும் இல்லை. காரத்தைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தாள். பூண்டைக் குறைக்கச் சொன்னார்கள்; முகத்தைத் தூக்கிக்கொண்டு குறைத்தாள். அதைச் சாப்பிட்ட ஒரு வெள்ளைக்காரர், தாய்லாந்தில் சாப்பிட்டது போலவே இருக்கிறது என்று மனதாரப் பாராட்டினார். அடுத்த மாதத்திலிருந்து சொதியில் எலுமிச்சைப் புல்லைப் போடும்படி கம்பெனி சொல்லிவிட்டது.

எனக்கு விதிக்கப்பட்ட வேலை கோலம். நாங்கள் வாசலில் கோல ஸ்டிக்கர் ஒட்டிப் பல வருஷம் ஆகிறது. எனக்குக் கோலம் வராது என்று சொன்னதற்கு, அந்தப் பெண் சிரித்துக்கொண்டு யூடியூப் இணைப்பை அனுப்பினாள். ஒருநாள் காலை, வட்டமாக நின்ற விருந்தாளிகளுக்கு நடுவில் மாவும் கையுமாகக் குனிந்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை. வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் போட்டதைக் கை தானாகப் போட்டது. ஓர் அறுகோணம், உள்ளே ஒரு வட்டம். பென்சீன். இதற்கு என்ன அர்த்தம் என்று ஓர் அம்மாள் கேட்டாள். கோடி கோடி பொருளுக்கு இதுதான் மூலம் என்று சொன்னேன். ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அவள் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாள் அதே அறுகோணத்துக்கு ஒரு வால் வைத்து டொலுயீன் போட்டேன்.

இதில் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம், ஒருவரைத் தவிர. எதிர்வீட்டில் ஓர் அண்ணாச்சி. சிமென்ட் வியாபாரம் செய்து, கடையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார். தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து பேப்பர் படிப்பார். மதினி தரும் காபியைக் குடித்துவிட்டு, உலகத்தைக் குறை சொல்லிவிட்டுப் போவார். மகன் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய பூப்போட்ட அரைக்கால் சட்டைதான் அவருக்குப் பிடித்த உடை. காற்று நன்றாகப் போகிறது என்பார்.

கம்பெனிப் பெண் அவரை ஒருநாள் பார்த்துவிட்டாள். விருந்தாளிகள் எடுத்த எல்லாப் படத்திலும் அந்த அரைக்கால் சட்டை விழுந்திருந்தது. வேட்டி கட்டிக்கொண்டு வரட்டும், இல்லாவிட்டால் பின்வாசல் வழியாக வரட்டும் என்று அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் அதை நயமாகத்தான் அவரிடம் சொன்னான். அவர் கோபப்படவில்லை. "ஏன்வே, நான் பழசாத் தெரியலையாக்கும்" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் பின்வாசல் வழியாக வந்தார். பிறகு வரவில்லை. மதினி காபியை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

அந்த அண்ணாச்சி தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தம்பதியும் சில வெள்ளைக்காரர்களும் தங்கியிருந்தார்கள். அந்தத் தம்பதி தமிழர்கள்தான். காலையில் எதிர்வீட்டில் சங்குச் சத்தம் கேட்டதும், இது இன்றைய நிகழ்ச்சியில் இல்லையே என்று அந்த மனைவி என்னிடம் வந்து கேட்டாள். சாவு வீடு என்றேன். முகத்தில் வருத்தத்தைக் கொண்டுவந்தாள். பிறகு பார்க்கலாமா என்றாள். துக்க வீட்டுக்கு யாரும் போகலாம், நான் எப்படித் தடுப்பேன்.

எல்லாரும் வந்தார்கள். பெண்களுக்கு நடுவில் அவளும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் காதோரம், ஏன் யாரும் ஒப்பாரி பாடவில்லை என்று கேட்டாள். இந்தத் தெருவில் அந்த வழக்கம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, சும்மா அழுவதோடு சரி என்றேன். அப்படியா என்றாள். பந்தியில் இனிப்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் முகம் எப்படிப் போகுமோ, அப்படிப் போனது.

மறுநாள் மத்தியானம் நீர்மாலைக்குப் போனார்கள். பிணத்தைக் குளிப்பாட்ட மகனும் மருமகன்களும் ஆற்றுக்குப் போய் முழுகி, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் எடுத்து வருவது. தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்திருப்பார்கள். முன்னால் சங்கு ஊதிக்கொண்டு ஒருவர் வருவார். மஸ்கட் மகன் அன்று காலைதான் விமானத்தில் வந்திருந்தான். தெரு முழுவதும் ஓரமாக ஒதுங்கி நின்றது. எங்கள் விருந்தாளிகள் மட்டும் நடுத்தெருவில் நின்றார்கள். ஒருவர் கேமராவை இறக்கிவிட்டு, வெளிச்சம் எதிரில் இருக்கிறது, திருப்பத்திலிருந்து இன்னொரு தடவை வரமுடியுமா என்று சைகை காட்டினார். சங்கு ஊதுகிறவர் என்ன நினைத்தாரோ, திரும்பி நடந்தார். அவருக்குப் பின்னால் வேட்டியும் திரும்பியது. குடமும் திரும்பியது. அந்த மகன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒன்றும் புரியாமல் திருப்பம்வரை போய்த் திரும்பி வந்தான். நல்ல படம் கிடைத்திருக்கும்.

மதினி இதைச் சாவு வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீடியோவைக் கணக்கில்லாத பேர் பார்த்தார்கள். 'எங்கள் பயணத்தின் சிகரம் அந்த இறுதிச் சடங்குதான்' என்று எழுதி அந்தத் தம்பதி கம்பெனிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். உடனே பெங்களூர்ப் பெண் ஓடிவந்தாள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பெரிய குழுவாகக் கூட்டி வரலாமா என்று அண்ணனிடம் கேட்டாள். அண்ணனே சற்று மிரண்டுதான் போனான். அது எதிர்வீட்டுக்காரர் விஷயம் என்று நழுவப் பார்த்தான். அவர் மகனிடம் பேசிவிட்டேன் சார், பந்தல் செலவும் சாப்பாட்டுச் செலவும் கம்பெனி ஏற்றுக்கொண்டால் அவருக்குச் சம்மதம் என்றாள். ஒப்பாரிக்கு மதுரையிலிருந்து ஒரு குழுவையும் ஏற்பாடு செய்திருந்தாள்.

மதினி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, அந்த அண்ணாச்சி உசுரோட இருக்கையில பழசாத் தெரியலன்னு பின்வாசல் வழியா வரச் சொன்னிய. இப்ப செத்த பொறவு முன்வாசல்ல வச்சு டிக்கெட் போடுதியளோ?"

அந்தப் பெண் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். மதினி நிற்கவில்லை. வாசலுக்குப் போனாள். தெருவில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த இருவரைக் கூப்பிட்டாள். கொட்டகையிலிருந்து ஃப்ரிட்ஜைத் தூக்கி வரச் சொல்லி, கூடத்தில் ஊஞ்சலுக்கு நேர் எதிரே வைத்து, பிளக்கைச் செருகினாள். உரக்கடைக் காலண்டரை ஆணியில் மாட்டினாள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒன்றில் அவள் உட்கார்ந்தாள். இன்னொன்றில் என்னை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். அன்றைக்குத் தங்க வந்த விருந்தாளிகள் கூடத்துக்குள் நுழைந்ததும் அந்த ஃப்ரிட்ஜைத்தான் போட்டோ எடுத்தார்கள்.

முப்பாட்டனார் படத்தைக் கழற்றிக் கொடுத்துவிடலாமா என்று அண்ணன் சின்னக் குரலில் கேட்டான். அவர் இருக்கட்டும், போக்கிடம் இல்லாதவர் என்றாள் மதினி.

பதினாறாம் நாள் விசேஷம் கம்பெனிப் பந்தலில் நடந்தது. மதினி வரவில்லை, நான் போனேன். ஒப்பாரிக்கு வந்த பெண் நெஞ்சில் அறைந்துகொண்டு உருக்கமாகத்தான் பாடினாள். ஏர் பிடித்த கை ஓய்ந்து போச்சே, ஏறு தழுவிய தோள் சாஞ்சு போச்சே என்று அழுதாள். அண்ணாச்சி மாட்டுப் பக்கம் போனவரே இல்லை. பால்காரன் மாட்டைக் கண்டாலும் ஒதுங்கிப் போவார். அவருடைய மனைவி என் கையைப் பிடித்து, "யாரைச் சொல்லுதா?" என்று கேட்டாள். உங்கள் வீட்டுக்காரரைத்தான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தெரியவில்லை என்றேன்.

கம்பெனி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. நம்பகத்தன்மைக்குப் பங்கம் வந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். தூண்களையும் ஊஞ்சலையும் ஏற்றிக்கொண்டு லாரி போனது. சிவப்புச் சாயம் காலில் ஒட்டி ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து, கீழே அப்பாவின் மொசைக் தெரிந்தது. அண்ணன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தான். மதினியோடு பேசவில்லை.

சில மாதம் கழித்து, கங்கைகொண்டான் தாண்டி நாலுவழிச் சாலையில், அதே கம்பெனி 'நெல்லை கிராமம்' ஒன்றைத் திறந்தது. வேன்கள் அங்கேயே நின்றுவிட்டன. பார்க்கிங் வசதி, ஏ.சி., சுத்தமான கழிப்பறை, குறுகலான தெருவில் திரும்ப வேண்டிய தொல்லை கிடையாது. எங்கள் கோயிலுக்கு மறுபடியும் பக்தர்களும் வௌவால்களும் மட்டும் வந்தார்கள். அண்ணனுக்கு அங்கிருந்து போன் வந்தது. மறுநாளே சவரம் செய்துகொண்டு கிளம்பினான். வேலை கிடைத்துவிட்டது என்று சாயந்தரம் என்னிடம்தான் சொன்னான். என்ன வேலை என்றேன். வீட்டுப் பெரியவர் வேலை என்றான்.

ஒருநாள் மதினி, அதைத்தான் பார்த்துவிட்டு வருவோமே என்றாள். இருவரும் பஸ் ஏறிப் போய் டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். எங்கள் கோயில் ஃபைபரில் நின்றது. பக்கத்தில் மோட்டார் போட்டு ஒரு தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது. குளோரின் வாசனை தூக்கலாக இருந்தது. அதைத் தாண்டினால் எங்கள் வீடு. நிஜமாகவே எங்கள் வீடு. பாளையங்கோட்டை இன்ஜினியர் போட்ட ஜன்னல் கம்பியின் பூவேலையைக்கூட விடாமல் எடுத்திருந்தார்கள். முன்னூறு வருஷப் பழமை என்று பலகை சொன்னது.

அண்ணன் உள்ளே ஊஞ்சலில் இருந்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தில் ஒரு கணம் திகில். பின்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் பைய எழுந்தான், கையைக் குவித்தான்.

"வாங்க, வாங்க. இது உங்க வீடு" என்றான்.

மதினியும் கையைக் குவித்தாள். "வீட்டுல அம்மா இல்லையா ஐயா?"

அண்ணன் சூப்பர்வைசரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான். "இருக்காவ. உள்ள சமையல் பண்ணுதாவ."

உள்ளேயிருந்து சந்தனச் சேலையில், நெற்றியில் பெரிய குங்குமத்தோடு ஒரு பெண் பித்தளைத் தம்ளர்களில் சீரகத் தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று அவளும் சிரித்தாள். மதினி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மதினி தண்ணீரை வாங்கி நிதானமாகக் குடித்தாள். எந்த ஊர் என்று விசாரித்தாள். சேலம் பக்கம் என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. பிள்ளைகள்? இரண்டு, அம்மாவிடம் விட்டிருக்கிறேன் என்றாள். மதினி தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அவருக்கு சுகர் இருக்குட்டி. யாரு குடுத்தாலும் பாயசம் குடிச்சிருவாரு. நீதான் பாத்துக்கிடணும்."

திரும்பும்போது பஸ்ஸில் மதினி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தாழையூத்து தாண்டும்போது, நல்ல பிள்ளையாகத் தெரிகிறாள் என்றாள்.

அண்ணன் இப்போதும் அந்த வேலைக்குப் போகிறான். கம்பெனி பஸ் காலையில் வந்து ஏற்றிக்கொள்கிறது. இருட்டுமுன் கொண்டுவந்து விடுகிறது. மதினியோடு மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டான். பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றித்தான். வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அன்று பனியனும் கைலியுமாக டிவி முன்னால் கிடப்பான். யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால் அசைய மாட்டான். வந்திருப்பது யார் என்று எட்டிக்கூடப் பார்க்காமல், "ஏட்டி, போயி யாருன்னு கேளு. எனக்கு இன்னைக்கு லீவு" என்பான்.